ஒலியைப் பிரித்தெடுத்தல்: சில குறிப்புகள்

கூத்து, ஒப்பாரி, கூட்டப் பேச்சு எதுவானாலும் இன்று செல்பேசியில் வீடியோவாகத்தான் பதிவாகிறது. எழுத்தில் இறக்கும் வசதிக்காக ஒலியை மட்டும் எம்பி3 ஆக்கிக்கொண்டு, இடம் போதவில்லை என்று வீடியோவை அழித்துவிடுகிறோம். நானும் அழித்திருக்கிறேன். வடாற்காட்டுப் பக்கம் எடுத்த ஒப்பாரி அது, ஒரு மணிநேரம். முன்னால் உட்கார்ந்து அழுத அம்மாவின் குரல் தெளிவாக இருக்கிறது. பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்த கிழவிகள் மட்டும் தண்ணீருக்கடியிலிருந்து பேசுகிற மாதிரி கேட்கிறார்கள்.

எம்பி4 என்று முடிகிற கோப்பு ஒரு பெட்டி, அவ்வளவுதான். அதற்குள் படம் ஓர் ஓடை, ஒலி இன்னோர் ஓடை. அந்த ஒலி பெரும்பாலும் ஏஏசி என்ற முறையில் ஏற்கெனவே சுருக்கப்பட்டது. அதை எம்பி3 ஆக்கும்போது, சுருக்கியதை விரித்து வேறொரு முறையில் மறுபடி சுருக்குகிறோம். ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுக்கிற கதைதான்.

குறுந்தகட்டு ஒலிக்கு விநாடிக்குச் சுமார் 1,411 கிலோபிட் வேண்டும். 128 கிலோபிட் எம்பி3யில் அதில் பதினொன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். மீதி எங்கே போச்சு? உரத்த ஒலிக்குப் பக்கத்துச் சுருதியில் இருக்கும் மெல்லிய ஒலி மனிதக் காதில் விழாது. உரத்த ஒலிக்குச் சற்று முன்னும் பின்னும் வருவதும் விழாது. ஆகவே அவற்றுக்குப் பிட்டுகளைச் செலவிட வேண்டாம் என்பதே இந்த முறையின் தர்க்கம். எது கேட்கும், எது கேட்காது என்பது கேட்பவர் வருவதற்கு முன்பே கோப்புக்குள் முடிவாகிவிடுகிறது. (காதில் விழாததும் பொருட்படுத்தப்படாததும் தமிழில் ஒரே 'கேட்காதது'தான்.)

அந்தக் காது யாருடையது? ஜெர்மனியின் எர்லாங்கனில் ஃப்ரான்ஹோஃபர் நிறுவனத்தில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க்கும் சகாக்களும் இந்த முறையைச் செப்பனிட்டபோது, சுசான் வேகாவின் 'டாம்ஸ் டைனர்' பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார்கள். பக்கவாத்தியமில்லாத தனிப் பெண்குரல். தொடக்கத்தில் அது கர்ணகடூரமாக வந்ததாம். 1993இல் தர நிர்ணயமாக வெளியானது; .எம்பி3 என்ற ஒட்டு 1995இல் வந்தது. இதை ஐரோப்பியக் காதின் சதி என்று சொல்லிவிடுவது சுலபம். நான் சொல்லமாட்டேன். அந்தத் தனிக்குரலுக்காக அவர்கள் பட்ட பாடு முன்னால் அழுத அம்மாவுக்கும் உதவியிருக்கிறது. ஆனா அந்தப் பாட்டைச் சுற்றி இருந்தது அமைதி. நம் பதிவில் வாசலில் பறை, உள்ளே பத்துக் குரல், நடுவே குழந்தை. பறையடி போலச் சட்டென எழும் ஒலி வந்தால், அடி விழுவதற்கு முன்பே இரைச்சல் கசிந்துவிடுவதும் உண்டு. பிட் குறையக் குறைய முதலில் அடிபடுவது பின்வரிசைதான். என் கோப்பு 64 கிலோபிட். மென்பொருள் தானாகவே வைத்திருந்த அளவு அது. நான் பார்க்கவே இல்லை.

செய்ய வேண்டியது எளிது. ஃபேப்ரீஸ் பெல்லார் 2000இல் தொடங்கிய எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருளில், 'படத்தை விடு, ஒலியை அப்படியே நகலெடு' என்று கட்டளையிடலாம். விரிப்பதும் இல்லை, சுருக்குவதும் இல்லை. பெட்டியிலிருந்து ஓடையை எடுத்து வேறு பெட்டியில் வைக்கிறது, சில விநாடிகளில். எம்4ஏ என்று முடியும் அந்தக் கோப்புதான் மூலம். நண்பர்களுக்கு அனுப்ப வேண்டுமானால் அதிலிருந்து ஓர் எம்பி3 எடுத்துக்கொள்ளலாம். வீடியோவையும் வைத்திருப்பது நல்லது. யார் எந்த அடியை எடுத்துக் கொடுத்தார் என்பது வாயைப் பார்த்தால்தான் தெரியும்.

என் எழுத்துப் படியில் கிழவிகள் சொன்ன ஏழு இடங்களில் வெறும் புள்ளிகள் இருக்கின்றன. அந்த ஊருக்கு மறுபடி போய்க் கேட்டேன். "சாவு விழுந்தாத்தாம்ப்பா பாட்டு வரும், சும்மா கேட்டா வருமா?" என்றார்கள்.