சின்னத் திரைக்கு எச்.டி. தேவையா?

"32 இஞ்ச் டி.வி.க்கு எச்.டி. எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. "எச்.டி. இல்லாத டி.வி.யும் ஒரு டி.வி.யா?" என்பவர்களும் உண்டு. இரு சாராரும் திரையைத்தான் அளக்கிறார்கள். திரைக்கும் நாற்காலிக்கும் உள்ள தூரத்தை அளப்பதில்லை.

அடியேன் ஜவுளி வியாபாரி. 40-ஆம் நம்பர் நூலுக்கும் 80-ஆம் நம்பர் நூலுக்கும் உள்ள வித்தியாசம் துணியைக் கையில் வாங்கிப் பார்த்தால் தெரியும். எதிர்க்கடையில் தொங்கினால் தெரியுமோ? டி.வி. சமாச்சாரமும் அப்படித்தான்.

கண் மருத்துவர் 6/6 என்று எழுதித் தரும் பார்வைக்கு ஓர் எல்லை உண்டு. ஒரு பாகையை அறுபதாகப் பிரித்தால் வருவது ஒரு கலை (நம் பழைய சோதிடக் கணக்கில் வரும் அதே கலைதான்). அதைவிட நுண்ணியது அந்தப் பார்வைக்குப் பிடிபடாது. வழக்கில் சொன்னால், 1 மில்லிமீட்டர் அளவுள்ள புள்ளி சுமார் 11 அடி தூரம் வரை தனித்துத் தெரியும்.

32 இஞ்ச் திரையின் அகலம் சுமார் 71 சென்டிமீட்டர். முழு எச்.டி.யில் குறுக்கே 1920 புள்ளிகள். ஆக ஒரு புள்ளி 0.37 மில்லிமீட்டர். 4 அடிக்குள் உட்கார்ந்தால்தான் அதன் முழுப்பயன் கிடைக்கும். இந்த அளவில் விற்பவற்றில் பல 1366-க்கு 768 புள்ளிகள் கொண்ட 'எச்.டி. ரெடி' ரகம், அதற்கு 6 அடி. பழைய 576 கோட்டுப் படம் 8 அடிக்கு அப்பால் ஏறக்குறைய எச்.டி. மாதிரியே தெரியும். 24 இஞ்ச் திரையானால் 6 அடியிலேயே அப்படித்தான்.

ஊரில் கூடத்தின் மறுகோடியில் சாய்வு நாற்காலி போட்டுப் பார்ப்பவருக்குச் சின்ன டி.வி.யில் எச்.டி. பெரிதாக எதையும் தராது. ஆனால் நம் மும்பையில் 10-க்கு 12 அறையில், கட்டிலில் உட்கார்ந்தால் திரை 5 அடியில் நிற்கிறது! சின்ன வீட்டுக்காரருக்குத்தான் எச்.டி. அதிகம் உதவும் என்பது என் துணிபு.

இன்னொரு விஷயம். எஸ்.டி. சேனலைக் கொஞ்சம் இடத்தில் அமுக்கித் திணித்து அனுப்புகிறார்கள். அதனால்தான் மழைக் காட்சியிலும் கிரிக்கெட் மைதானத்திலும் படம் சதுரம் சதுரமாக உடைகிறது. அந்தச் சதுரம் புள்ளியைவிடப் பெரியது. 8 அடியிலும் கண்ணை உறுத்தும். எச்.டி. சேனலில் இந்தத் தொல்லை குறைவு.

பழைய படப் பிரியர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். படச்சுருளில் 576 கோட்டுக்கு மேலேயே நுணுக்கம் உண்டு. 2012-ல் புதுப்பித்து வெளியிட்ட 'கர்ணன்' போல, சுருளிலிருந்து புதிதாக எடுத்தால் எச்.டி.யில் அது தெரியும். 1990-களில் வீடியோ டேப்பில் பிடித்த சீரியலில் இருப்பதே அவ்வளவுதான். எச்.டி. சேனலில் போட்டாலும் புதிதாக ஒன்றும் முளைக்காது.

காசுக்கு வருவோம். 2019-ல் டிராய் கொண்டுவந்த முறையில் சேனலுக்குச் சேனல் தனி விலை. அதோடு ஓர் எச்.டி. சேனல் இரண்டு எஸ்.டி.யாகக் கணக்கில் ஏறியது. உள்ளூர் மொழிச் சேனல்களோடு தமிழும் கட்டும் நம் போன்ற குடும்பங்களுக்கு இது மாதாமாதச் செலவு. பார்க்கிற இரண்டு மூன்று சேனலை மட்டும் எச்.டி.யில் எடுத்தால் போதும். செய்திக்கு எஸ்.டி.யே தாராளம்.

எச்.டி. பெட்டி வாங்கியும், சிவப்பு, வெள்ளை, மஞ்சள் வயரிலேயே மாட்டி வைத்திருக்கும் வீடுகள் உண்டு. மஞ்சள் வயரில் எச்.டி. வராது, எச்.டி.எம்.ஐ. வயர்தான் வேண்டும். அதேபோல் வீட்டுப் பெரியவருக்குக் கண்புரை இருந்தால் மேலே சொன்ன அடிக்கணக்கெல்லாம் மாறிப்போகும். சந்தா கட்டுமுன் அவரை வழக்கமான இடத்தில் உட்காரவைத்து, ஒரே சேனலின் இரு வடிவத்தையும், எது எது என்று சொல்லாமல், மாற்றி மாற்றிப் போட்டுக் கேளுங்கள்.