வீட்டுக்கு அடியில் ரெயில்!

மேலே வீடு. கீழே ரெயில்! சுரங்கம் தோண்டினால் வீடு இடிந்து விழாதா?

சென்னையில் மெட்ரோ ரெயில் 2015-ம் ஆண்டு ஓடத் தொடங்கியது. முதலில் பாலத்தின் மேல் ஓடியது. 2017-ல் பூமிக்கு அடியிலும் இறங்கியது. 2021-ல் விம்கோ நகர் வரை நீண்டது. இரண்டாம் கட்டமாக, 118 கிலோமீட்டருக்கு மேல் மூன்று பாதைகள் அமைக்க மத்திய அரசு 2024-ல் ஒப்புதல் அளித்தது.

சுரங்கம் தோண்ட ராட்சத எந்திரம் உண்டு. அதன் முன்பக்கச் சக்கரம் சுழன்று மண்ணை அறுக்கும். எதிரே உள்ள மண் சரியாதபடி அழுத்திக்கொண்டே எந்திரம் நகரும். சில அடி நகர்ந்ததும், அதன் பின்பகுதியில் கான்கிரீட்டு வளையம் பொருத்துவார்கள். கிணற்றுக்கு உறை இறக்குவது போலத்தான்! கிணற்றில் உறை கீழே இறங்கும். இங்கே வளையம் நகராது; பக்கவாட்டில் ஒன்றை அடுத்து ஒன்றாகப் பொருத்தப்படும். மண்ணின் பாரத்தை அந்த வளையம் தாங்கும். மேலே உள்ள கட்டிடம் அசைகிறதா என்று கருவி வைத்துக் கண்காணிப்பார்கள்.

கான்கிரீட்டுக்குச் சிமெண்டு வேண்டும். சிமெண்டுக்குச் சுண்ணாம்புக்கல் வேண்டும். அரியலூர் மாவட்டம் ஆலத்தியூரில் சிமெண்டு ஆலை இருப்பது அதனால்தான். பல கோடி ஆண்டுகளுக்கு முன் அந்தப் பக்கம் கடலாக இருந்தது. கடல் போய்விட்டது, கல் தங்கிவிட்டது!

பாதாள ரெயிலில் போகும்போது நினைத்துப் பாருங்கள். அத்தகைய கல்தான் உங்கள் தலைக்கு மேல் ஊரையே தாங்குகிறது!