பெரிய டர்போ பூட்டிய வாகனம் ஏன் முதலில் திணறுகிறது?

முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு ஏ-9 வீதியில் ஏறும்போது பாருங்கள். பெரிய டர்போ பூட்டிய டீசல் வான் கரும்புகை கக்கி, கொஞ்சம் தயங்கித்தான் பாயும்.

ஏன்? அடுப்பை நினையுங்கள். ஊதுகுழலால் ஊதினால் விறகு எரியும், ஊதாவிட்டால் புகையும். எஞ்சினுக்கு ஊதுகுழல் டர்போ.

அதை ஊதுவது யார்? எஞ்சின் கழித்துவிடும் புகையேதான்! சுவிஸ் பொறியியலாளர் அல்பிரட் பூஹி 1905இல் காப்புரிமைக்குப் பதிந்த யோசனை. வெளியேறும் புகை ஒரு சக்கரத்தைச் சுழற்ற, அதே தண்டின் மறுமுனைச் சக்கரம் புதுக்காற்றை உள்ளே அமுக்கும். நிமிடத்துக்கு ஒரு இலட்சம் சுற்றுக்கு மேலும் போகும்.

பெரிய சக்கரமோ பாரம். மெதுவாக ஓடும் எஞ்சினின் புகைக்கு அது சட்டென்று வேகமெடுக்காது. டீசல் வந்துவிடும், காற்று பிந்தும்.

முற்றத்தில் நீங்களே டர்போவை மாற்றுவதென்றால் ஒயில் குழாயைத் துப்புரவாக்குங்கள். தண்டு சுழல்வது ஒயில் படலத்தின் மேல். பழைய கரி அடைத்தால் புது டர்போவும் போச்சு.