தரைக்கும் எண்ணெய்க் குளியல்

எங்கள் வீடு அனுப்பர்பாளையத்தில். மாமனார் 1968இல் கட்டியது. கீழே ரெட் ஆக்சைடு தரை, மேலே தேக்குப் பலகை அடித்த மச்சு. தெருவில் எல்லோரும் டைல்ஸுக்கு மாறிவிட்டார்கள். எனக்கு மனசு வரவில்லை.

இருபத்திரண்டு வருஷம் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்தவள் நான். தரை துடைக்கிற துணியைக்கூடத் தடவிப் பார்த்துத்தான் எடுப்பேன். திருப்பூரில் கட்டிங் டேபிளுக்குக் கீழே விழுகிற வேஸ்ட் கிலோ கணக்கில் கிடைக்கும். பாலிஷுக்கு அதைவிட நல்ல துணி கிடையாது. பின்னலாடை என்பதால் மெத்தென்று இருக்கும், ஈரத்தை இழுக்கும். வெள்ளை வேஸ்ட் விலை கூடத்தான், ஆனாலும் அதையே வாங்குங்கள். கலர் வேஸ்ட் சாயம் விடும். பாலியஸ்டர் கலந்திருந்தால் தண்ணீரை இழுக்காது. சந்தேகம் வந்தால் ஒரு நூலைக் கொளுத்திப் பாருங்கள்: காட்டன் காகிதம் போல எரிந்து சாம்பலாகும், பாலியஸ்டர் உருகி மணியாக உருளும். தையல் ஓடிய துண்டை ஒதுக்கிவிடுங்கள், பலகையில் கோடு விழும்.

போர்த் தண்ணியில் துடைத்தால் எங்கள் ஊரில் தரை காய்ந்ததும் வெள்ளையாகப் பூத்துவிடும். அத்தனையும் உப்பு. அதனால் கடைசித் துடைப்பு மட்டும் நல்ல தண்ணியில். அந்த வெள்ளையைப் போக்க எலுமிச்சை, வினிகர், ஆசிட் என்று இறங்காதீர்கள். புளிப்பு எதுவானாலும் சிமென்டை அரிக்கும், மேலே இருக்கிற வழவழப்பு முதலில் போகும்.

எண்ணெயில் நானே ஒருமுறை ஏமாந்தேன். தீபாவளிக்குத் தரை மின்னட்டுமே என்று கால் லிட்டர் தேங்காய் எண்ணெயைத் தேய்த்தேன். தேங்காய் எண்ணெய் காயாது, பிசுபிசுவென்று அப்படியே நிற்கும். கம்பெனியிலிருந்து எங்கள் உடுப்போடு வந்த பஞ்சுத் தூசி அத்தனையும் அதில் ஒட்டிக்கொண்டது. மாமியார் எட்டிப் பார்த்து, "ஏங்கண்ணு, எண்ணெ வெச்சாச்சு, சடை எப்பப் பின்னுவே?" என்றார். கடைசியில் அரப்புத் தூளைப் போட்டுத் தேய்த்துத்தான் எண்ணெயை எடுத்தோம். இப்போது ஓர் அறைக்கு இரண்டு ஸ்பூன், அவ்வளவுதான். மீதி வேலை கையுடையது.

மச்சுப் பலகைக்குத் தண்ணீர் எதிரி. ஊற்றினால் மரம் ஊதி வளைந்துவிடும். முதலில் தூசியைக் கூட்டி, ஒட்டப் பிழிந்த துணியால் ரேகை போகிற திசையிலேயே துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்ற வேண்டும். பிறகு ஒரு பங்கு தேன்மெழுகு, மூன்று பங்கு எண்ணெய். கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் கிண்ணத்தை வைத்து உருக்குங்கள், நேரடித் தீயில் வேண்டாம். ஆறியதும் துளி எடுத்து மெலிதாகப் பூசி, அரை மணி கழித்துப் புதுத் துணியால் தேயுங்கள். மரப் படம் ஒட்டிய லேமினேட் தரைக்கு இதெல்லாம் வீண். அதற்கு ஈரத்துணி போதும்.

மரத்துக்கு லின்சீட் ஆயில் பூசுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அது காற்றுப் பட்டுக் காயும்போது சூடாகும். அந்த எண்ணெய் துடைத்த காட்டன் துணியைக் கசக்கி மூட்டையோடு போட்டால், நெருப்பு வைக்காமலே பற்றிக்கொள்ளும். வேஸ்ட் மூட்டை அடுக்கி வைத்திருக்கிற ஊர் நம்முடையது. துடைத்த துணியை அன்றைக்கே வாசல் கொடியில் தனித்தனியாக விரித்துப் போடுங்கள்.