வேற்றுக்கிரகவாசிகள் வந்துபோனார்களா?

“டீச்சர், நீங்க ஏலியன் ரயில் பாத்திருக்கீங்களா?”

எட்டாம் வகுப்பில் ஒளி பற்றிய பாடத்தின் நடுவே வந்த கேள்வி இது. முந்தைய நாள் மாலை, இருட்டிய சிறிது நேரத்தில், மாணவனின் மாமா மொட்டைமாடியிலிருந்து கைப்பேசியில் ஒரு காணொளி எடுத்திருக்கிறார். மணி கோத்ததுபோல் இருபது முப்பது ஒளிப்புள்ளிகள் ஒரே வரிசையில் சத்தமில்லாமல் நகர்ந்து போயினவாம். வகுப்பு முழுவதும் கரும்பலகையை விட்டுவிட்டு அவன் பக்கம் திரும்பிவிட்டது.

சில ஆண்டுகளுக்கு முன் இதே போன்ற கேள்விக்கு, “அதெல்லாம் சினிமாக் கதை, உட்கார்” என்று நான் சொல்லியிருக்கிறேன். அன்று உட்கார்ந்த மாணவி அந்த ஆண்டு முடியும்வரை என்னிடம் வேறு எதையும் கேட்கவில்லை. அந்த நினைவில், இந்த முறை “நாளைக்குச் சொல்கிறேன்” என்று மட்டும் சொன்னேன்.

ஒளிவரிசைக்கு விடை எளிதாகவே கிடைத்தது. 2019 முதல் ஸ்டார்லிங்க் இணையச் செயற்கைக்கோள்களைக் கொத்துக் கொத்தாக ஒரே ராக்கெட்டில் ஏவுகிறார்கள். ஏவிய முதல் சில நாள்களுக்கு அவை ஒன்றன்பின் ஒன்றாக வரிசையாகவே செல்லும். நமக்குச் சூரியன் மறைந்து இருட்டிவிட்டாலும், சில நூறு கிலோமீட்டர் உயரத்தில் அவற்றின்மேல் வெயில் பட்டுக்கொண்டிருக்கும். நாம் பார்ப்பது அந்த வெயிலின் எதிரொளிப்பைத்தான். ஒளிப் பாடத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்கு அதுவரை அமைந்ததில்லை.

மறுநாள் இதைச் சொன்னவுடன் அடுத்த கேள்வி வந்தது: “அப்போ ஏலியனே இல்லையா, டீச்சர்?”

இந்த இடத்தில்தான் நாம் கவனமாக இருக்க வேண்டும். வேறு உலகங்களில் உயிர் உண்டா என்பது ஒரு கேள்வி. அறிவுள்ள உயிர்கள் பூமிக்கு வந்தனவா என்பது வேறொரு கேள்வி. திரைப்படங்களும் யூடியூபும் இரண்டையும் ஒன்றாகக் குழைத்துவிடுகின்றன. நாமும் ஒரே ‘ஆம்’ அல்லது ‘இல்லை’யில் இரண்டுக்கும் விடை சொல்லிவிடுகிறோம்.

முதல் கேள்விக்கு நேர்மையான விடை, ‘இன்னும் தெரியாது’ என்பதே. நமது பால்வீதியில் குறைந்தது 10,000 கோடி விண்மீன்கள் உள்ளன. சூரியனைப் போன்ற ஒரு விண்மீனைச் சுற்றும் கோள் முதன்முதலில் கண்டறியப்பட்டது 1995-இல். இன்று உறுதிசெய்யப்பட்ட புறக்கோள்களின் எண்ணிக்கை 6,000-ஐத் தாண்டிவிட்டது. இவ்வளவு இடமிருந்தால் எங்காவது உயிர் இருக்கத்தானே வேண்டும் என்று தோன்றும். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்போம். ஆனால் அந்த ஒரு சோறு பதம் சொல்வது, எல்லா அரிசியும் ஒரே பானையில் ஒரே தீயில் வெந்திருப்பதால். உயிர் விஷயத்தில் நம் கையில் இருப்பது பூமி என்ற ஒரே பருக்கை. மற்றவை எந்தப் பானையில், எந்தத் தீயில் இருக்கின்றன என்பது தெரியாது. பிரான்க் டிரேக் 1960-இல் அமெரிக்காவின் கிரீன் பேங்க் ரேடியோ தொலைநோக்கியை இரண்டு விண்மீன்களை நோக்கித் திருப்பிச் சமிக்ஞை தேடத் தொடங்கினார். அன்றுமுதல் தேடல் தொடர்கிறது. உறுதியான செய்தி எதுவும் கிடைக்கவில்லை.

கிடைத்துவிட்டது என்று நினைக்க வைத்த தருணங்கள் உண்டு. அவற்றில் ஒன்றை எல்லா வகுப்பிலும் சொல்லலாம் என்பேன்.

1967-இல் கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தவர் ஜோஸ்லின் பெல். அவருடைய ரேடியோ தொலைநோக்கியின் பதிவுகள் அன்றாடம் ஏறக்குறைய 30 மீட்டர் நீளத் தாளில் கோடுகளாக வந்து விழும். அத்தனையையும் கண்ணால் பார்த்து வந்தவர், ஓரிடத்தில் வழக்கத்துக்கு மாறான ஒரு சின்னக் கிறுக்கலைக் கவனித்தார். தாளை வேகமாக ஓடவிட்டுப் பதிந்தபோது, அது 1.3 நொடிக்கு ஒருமுறை தவறாமல் வரும் துடிப்பு என்று தெரிந்தது. இயற்கையில் இவ்வளவு ஒழுங்கா?

அடுத்து அவர்கள் செய்ததுதான் முக்கியம். யாரும் பத்திரிகையாளரைக் கூப்பிடவில்லை. முதலில், பூமியிலிருந்தே வரும் குறுக்கீடா என்று பார்த்தார்கள். துடிப்பு ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைவிட ஏறக்குறைய 4 நிமிடம் முன்னதாக வந்தது. விண்மீன்கள் உதிக்கும் நேரமும் அப்படித்தான் மாறும். கடிகாரம் பார்த்து இயங்கும் மனிதக் கருவி அப்படி மாறாது. ஆக, மூலம் விண்மீன்களுக்கிடையே எங்கோ இருந்தது. விளையாட்டாக அதற்கு ‘சின்னப் பச்சை மனிதர்கள்’ என்று பெயரும் வைத்தார்கள். அனுப்புபவர் ஒரு கோளில் இருந்தால், அந்தக் கோள் தன் விண்மீனைச் சுற்றும்போது நம்மை நெருங்கியும் விலகியும் செல்லும். துடிப்புகளின் இடைவெளி குறைந்தும் கூடியும் வர வேண்டும். அளந்து பார்த்ததில் பூமியின் சொந்த நகர்வால் வரும் மாற்றம் மட்டுமே இருந்தது. அந்த ஆண்டின் கிறிஸ்துமஸுக்குச் சற்று முன், வானத்தின் வேறொரு மூலையில் 1.2 நொடி இடைவெளியில் இன்னொரு துடிப்பைப் பெல் கண்டுபிடித்தார். தொடர்பில்லாத இரண்டு நாகரிகங்கள் ஒரே சமயத்தில் நம்மை நோக்கி ஒரே மாதிரி கையசைக்குமா? அத்துடன் பச்சை மனிதர்கள் விடைபெற்றார்கள். கிடைத்தது பல்சார்: வெடித்த விண்மீனின் மையம் ஏறக்குறைய 20 கிலோமீட்டர் அகலத்துக்குச் சுருங்கி, கலங்கரை விளக்கம்போல் சுழன்று ரேடியோ கதிர் வீசும் நியூட்ரான் விண்மீன். (1974-இல் இதற்கான நோபல் பரிசு அவருடைய வழிகாட்டிக்குப் போனது, அவருக்கு இல்லை. மாணவிகளிடம் இதையும் மறைக்காமல் சொல்கிறேன்.)

இதன் மறுபக்கமும் சுவையானது. ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியில் 1998 முதல் அவ்வப்போது புதிரான ரேடியோ வெடிப்புகள் பதிவாகிவந்தன. அவை அலுவலக நேரத்தில்தான் அதிகம் வந்தன. 2015-இல் குற்றவாளி சிக்கினார்: அங்கிருந்த மைக்ரோவேவ் அடுப்பு. சூடாகி முடிவதற்குள் யாரோ அவசரப்பட்டுக் கதவைத் திறந்தால் அந்தச் சமிக்ஞை வெளியே கசிந்திருக்கிறது!

வந்துபோனார்களா என்ற இரண்டாம் கேள்விக்கு மாணவர்கள் கையோடு கொண்டுவரும் சான்று, அமெரிக்காவின் ராஸ்வெல். 1947-இல் ஒரு பண்ணை நிலத்தில் சிதறல்கள் கிடைத்தன. ‘பறக்கும் தட்டு’ கிடைத்ததாக ராணுவத் தளமே அறிவித்தது; உடனே மாற்றி, வானிலை பலூன் என்றது. “அரசாங்கம் மறைச்சிட்டாங்க டீச்சர்” என்பார்கள். மறைத்தது உண்மைதான். 1994-இல் அமெரிக்க விமானப்படை வெளியிட்ட அறிக்கையின்படி, அது மோகல் என்ற ரகசியத் திட்டத்தின் பலூன். சோவியத் அணுகுண்டுச் சோதனைகளின் ஒலியலைகளை மேல்வளிமண்டலத்தில் ஒட்டுக்கேட்பதற்காக அனுப்பப்பட்டது. ஓர் அரசு எதையோ மறைத்தது என்பதிலிருந்து, மறைத்தது இன்னதுதான் என்று தாவ முடியாது. பதின்ம வயதினருக்கு இந்த வேறுபாட்டைச் சொல்லிப் புரியவைப்பது கடினம். ஆனால் வாட்ஸ்அப் காலத்தில் இதைவிட அவசியமான பாடம் குறைவு.

அதே விமானப்படை 1969 வரை ஆராய்ந்த 12,618 பறக்கும் தட்டுத் தகவல்களில் 701 அடையாளம் காணப்படாதவை. காணொளிகள் இந்த 701-ஐ மட்டும்தான் பேசும். ‘என்னவென்று தெரியவில்லை’ என்பது, ‘வேற்றுக்கிரகத்தினர்’ என்பதற்கு இன்னொரு பெயராகிவிடுகிறது.

தொலைவை உணரவைக்க மைதானத்துக்கு அழைத்துப்போனேன். ஒரு சென்டிமீட்டர் என்பது பத்து லட்சம் கிலோமீட்டர். சூரியன் ஒரு கோலிக்குண்டு. பூமி ஒன்றரை மீட்டர் தள்ளி, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத ஒரு தூசி. நெப்டியூன் 45 மீட்டரில், எங்கள் வேப்பமரத்தடியில். அடுத்த விண்மீனான பிராக்சிமா சென்டாரி எங்கே என்று கேட்டால், பள்ளி வாசல், பேருந்து நிலையம் என்று விடைகள் வரும். கணக்குப் போட்டால் 400 கிலோமீட்டர். சென்னையிலிருந்து நேர்கோட்டில் போனால் மதுரையை நெருங்கிவிடலாம். இந்த அளவில், 1977-இல் புறப்பட்ட வாயேஜர்-1 ஆண்டுக்கு 5 மீட்டருக்குச் சற்று அதிகமாக நகர்கிறது. இதுவரை சுமார் 250 மீட்டர் போயிருக்கிறது. அதே வேகத்தில் 400 கிலோமீட்டரைக் கடக்க 70,000 ஆண்டுகளுக்கு மேலாகும் என்று வகுத்துப் பார்த்துச் சொன்னது ஒரு மாணவிதான். இது யாராலும் வர முடியாது என்பதற்கு நிரூபணம் ஆகாது. நம்மைவிட வேகமானவர்கள் இருக்கலாம். வந்தார்கள் என்று சொல்வதற்கு எவ்வளவு வலுவான சான்று வேண்டும் என்பதைத்தான் அந்த மைதானம் காட்டுகிறது.

காணொளிக்காரன் சமாதானமாகவில்லை. “இது சேட்டிலைட்டுன்னு ஒத்துக்கறேன். ஆனா போன மாசம் மாமா ஒண்ணு பாத்தாராம், அது என்ன?” எந்தத் திசை, எத்தனை மணி, எவ்வளவு நேரம் தெரிந்தது என்று கேட்டேன். தெரியவில்லை என்றான். மறுநாள் நாற்பது பக்க நோட்டு ஒன்றில் அந்த மூன்றுக்கும் கட்டம் போட்டுக் கொண்டுவந்தான். நான்காவதாக ‘என்னவாக இருக்கலாம்’ என்று ஒரு கட்டத்தை அவனே சேர்த்திருந்தான், மற்றவற்றைவிட அகலமாக.