அட்டைக்கு வந்த பணம் அவர்கள் கைக்கு வந்ததா?

2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு வந்ததும் சென்னை ராஜா அண்ணாமலைபுரத்தின் அடுக்குமாடிக் குடியிருப்புகள் வெளியாட்களுக்குக் கதவைச் சாத்தின. சீனிவாசபுரத்திலிருந்து நடந்தும், பெரும்பாக்கத்திலிருந்து பஸ் பிடித்தும் வந்து சமைத்து, பாத்திரம் தேய்த்துக் கொடுத்த பெண்களில் பலருக்கு அந்த மாதத்தோடு சம்பளம் நின்றது. நியமனக் கடிதமோ சம்பளச் சீட்டோ இல்லாத வேலை என்பதால், இழந்த கூலிக்கு எந்த ஆவணமும் இல்லை.

அரசின் உதவி இரண்டு வழிகளில் வந்தது. பெண்களின் ஜன் தன் வங்கிக் கணக்குகளில் ஏப்ரல் முதல் ஜூன் வரை மாதம் 500 ரூபாய் போட்டது மத்திய அரசு. அரிசி குடும்ப அட்டை ஒவ்வொன்றுக்கும் 1,000 ரூபாயும் விலையில்லா அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரையும் தந்தது மாநில அரசு.

பெண்களுக்கென்றே வந்தது முதலாவது. ஆனால், ஏழைப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு அது கிடைக்காமல் போகலாம் என்று யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அப்போதே கணித்தார்கள். சாதாரண சேமிப்புக் கணக்கு வைத்திருந்தால் பணம் வராது. ஜன் தன் கணக்குதான் வேண்டும். கணக்கு இருந்தாலும், பஸ் ஓடாத நாட்களில் வங்கிக்குப் போவது எப்படி? ரேஷன் கடையிலோ டோக்கனில் குறித்த நாளில் ரொக்கம் கையில் கிடைத்தது. அந்தக் கடை வரிசையில் வழக்கமாக நிற்பவர்கள் பெரும்பாலும் பெண்கள்தான். பெண்களுக்கென்று பெயர் சூட்டாத இந்த 1,000 ரூபாயே அவர்கள் கைக்கு அதிகம் நெருங்கி வந்தது என்பது என் கருத்து.

ஆனாலும் அது அட்டைக்கு வந்த பணம். வீட்டில் இரண்டு பெண்கள் வேலை இழந்திருந்தாலும் அதே 1,000 ரூபாய்தான். கணவனைப் பிரிந்து வாழ்பவரின் பெயர் இன்னும் அவன் அட்டையில் இருந்தால், பணமும் அரிசியும் அவன் வீட்டுக்குப் போகும். இவருக்கு ஒன்றுமில்லை. இது என்னை மிகவும் வருத்துகிறது, ஏனென்றால் வீட்டு வேலைக்கு வருபவர்களில் தனியாகக் குடும்பத்தைத் தாங்குகிறவர்கள் ஏராளம். வீட்டுக்கு வந்த பணம் வீட்டிலேயே தங்கும் என்ற உறுதியும் இல்லை. மே 7 அன்று சென்னைக்கு வெளியே டாஸ்மாக் மதுக்கடைகள் திறந்தபோது, ஒரே நாளில் சுமார் 170 கோடி ரூபாய்க்கு விற்பனை நடந்தது.

ஆப்பிரிக்காவின் டோகோ நாடு அதே ஏப்ரலில் வேறு விதமாகச் செய்தது. முறைசாராத் தொழிலாளர்களை வாக்காளர் அட்டையைக் கொண்டு தனித்தனியாகப் பதிந்து, செல்பேசி வழியே பணம் அனுப்பியது. தலைநகர் லோமேயில் மாதத்துக்கு ஆணுக்கு 10,500 பிராங்க், பெண்ணுக்கு 12,250.

தமிழ்நாட்டில் 2021இல் புதிய அரசு தந்த 4,000 ரூபாயும் அட்டைக்குத்தான் வந்தது. அந்த ஆண்டு மே மாதம் தொடங்கிய சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் இலவசப் பயணம்தான் ஒவ்வொரு பெண்ணுக்கும் நேராகப் போய்ச் சேர்ந்தது. பெரும்பாக்கத்திலிருந்து தினமும் வருகிறவருக்கு அது பெரிய மிச்சம். 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகை, ஒரு கோடிக்கும் அதிகமான பெண்களின் வங்கிக் கணக்குக்கே மாதம் 1,000 ரூபாயைக் கொண்டுசென்றது. அதுவும் ஓர் அட்டைக்கு ஒருவர் என்ற கணக்கில்தான். மாமியாரும் மருமகளும் ஒரே அட்டையில் இருந்து, இருவரும் வீட்டு வேலைக்குப் போனாலும், ஒருவருக்குத்தான் கிடைக்கும்.