எஞ்சினைப் படம் எடுக்க முன்னர்

இரத்மலானை விமானப்படை நூதனசாலைக்குப் போய்வந்த அன்றிரவு, நான் எடுத்த படங்களை வாப்பாவிடம் காட்டினேன். டகோட்டா விமானத்தின் எஞ்சினை மட்டும் பத்துப் படங்கள் எடுத்திருந்தேன். பளபளப்பாக வந்திருக்கின்றன என்று எனக்குப் பெருமை. கராஜிலிருந்து களைத்து வந்திருந்த வாப்பா ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "மகள், எல்லாம் மேல்பக்கம்தானே. கீழ்ச் சிலிண்டரைக் காணல்லையே. வண்டி ஒண்டு வந்தா நான் முதல்ல குனிஞ்சு கீழதான் பார்ப்பன்" என்றார்.

அது ஏன் முக்கியம் என்று தேடிப் படித்தேன்.

1947 டிசம்பர் 10ஆம் திகதி, எயார் சிலோனின் முதல் பயணமாக இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறந்ததும் ஒரு டகோட்டாதான். அவ்வகை விமானத்தில் இரண்டு எஞ்சின்கள் உண்டு. ஒவ்வொன்றிலும் 14 சிலிண்டர்கள். முன்வரிசையில் 7, பின்வரிசையில் 7. பூவிதழ்கள் போல நடுத்தண்டைச் சுற்றி நிற்கின்றன.

ஏன் ஏழு? தண்டு இரு முறை சுழலும்போது ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு முறைதான் எரிபொருள் எரியும். ஆகவே 1, 3, 5, 7, 2, 4, 6 என்று ஒன்றைவிட்டு ஒன்றாக எரிகின்றன. ஒற்றை எண் என்பதால், முதற்சுற்றில் விடுபட்டவை அடுத்த சுற்றில் தாமாகவே வந்து சேர்கின்றன.

நிறுத்திவைத்த எஞ்சினில் எண்ணெய் வடிந்து கீழ்ச் சிலிண்டர்களில் தேங்கும். திரவம் காற்றைப் போல அமுங்காது. அப்படியே இயக்கினால் உள்ளே பிஸ்டனைத் தாங்கும் கோல் வளைந்துவிடலாம். அதனால் மெக்கானிக்குகள் முதலில் விசிறியைக் கையால் சுற்றிப் பார்ப்பார்கள். இறுகினால் பிளக்கைக் கழற்றி எண்ணெயை வடிப்பார்கள். வாப்பா கேட்ட கேள்வி சரியான கேள்விதான்.

அடுத்த முறை வாப்பாவையும் கூட்டிக்கொண்டு காலையிலேயே போனேன். நடுப்பகல் வெளிச்சத்தில் உலோகம் கண்ணைக் கூசும். காலையின் சாய்ந்த வெளிச்சத்தில்தான், சிலிண்டரைக் காற்றால் குளிர்விக்கும் மெல்லிய தகடுகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும். பிளாஷ் போட்டால் அந்த நிழல்கள் அழிந்துவிடும். சாச்சாவிடம் இரவல் வாங்கிய கெமராவின் துவாரத்தை எஃப் 11க்குச் சுருக்கினேன். அப்போதுதான் முன்னால் நிற்கும் விசிறியும் உள்ளே இருக்கும் சிலிண்டர்களும் சேர்ந்து தெளிவாக விழும். துவாரம் சிறிதானால் ஒளி குறையும். படம் பதிய நேரம் எடுக்கும். கை அசையாமல் இருக்க முக்காலி தேவை. கைத்தொலைபேசியில் எடுப்பவர்கள், திரையில் இருண்ட பகுதியைத் தொட்டுவிட்டு எடுத்தால் உள்பகுதியும் தெரியும்.

பிறகு குனிந்து, கீழ்ச் சிலிண்டர்களிலிருந்து மேல்நோக்கி எடுத்தேன். ஏழும் ஒரே படத்தில் விழுந்தன.

அந்தப் படம் இப்போது கராஜ் சுவரில், ஸ்பானர்களுக்கு மேலே தொங்குகிறது. வருகிறவர்களுக்கு வாப்பா விரல் வைத்து எண்ணிக் காட்டுகிறார்: ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு, இரண்டு...